பினாயில் வாசனை

பெங்களூரில் புழுக்கமே கிடையாது என்று சொல்கிறவர்களைக் கூப்பிட்டு, ஜூலை மாதத்தில் ஒரு பெர்ஷியன் பூனையைத் துவட்டச் சொல்ல வேண்டும். அப்போது தெரியும் சங்கதி. மூன்று வாரமாக விட்டு விட்டுத் தூறல். மல்லேஸ்வரத்தில் எந்த பால்கனியைப் பார்த்தாலும் காயாத துணி தொங்குகிறது. மனுஷத் துணிக்கே இந்தக் கதி என்றால், உடம்பு முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிறந்த பூனை எங்கே போய்க் காயும்? மேலே தொட்டால் பஞ்சு. உள்ளே விரலை விட்டால் ஈரம், சிக்கு, சிக்குக்கு அடியில் சிவந்த தோல். குளிர் தேசத்து ஜீவனைக் கொண்டு வந்து நான்காவது மாடியில் அடைத்து வளர்ப்பது யார் தப்போ, பூனையின் தப்பில்லை.

லீனா பூனைகளுக்கு முடி வெட்டும் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஸ்ரீராமபுரத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கட்டடத்தை இடிக்கப் போகிறேன் என்று ஓனர் சொன்னதோடு கடை போயிற்று. ஒரு மாதம் தொம்மலூர் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வீட்டுக்கே வந்து பூனையைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற ஆளுக்குக் கிராக்கி என்று சர்ச்சில் ஒரு பெண் சொல்ல, பத்து நாள் பயிற்சிக்குப் போனாள். மிச்சத்தைக் கையே கற்றுக்கொண்டது. பயந்துபோன கல்யாணப் பெண்ணும் பயந்துபோன பூனையும் ஒன்றுதான், இரண்டு பேரிடமும் குரலை மட்டும் ஏற்றக் கூடாது என்பாள். அவள் கையில் கீறல் விழுந்தது ரொம்பக் குறைவு.

பார்கவியின் வீட்டைப் பிடித்துக் கொடுத்தது தனக்கோடி. அந்த அபார்ட்மென்டில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள். தனக்கோடியின் மகள் இளவேனிலுக்குக் கல்யாண மேக்கப் போட்டது லீனாதான், அந்தப் பழக்கம். பார்கவியின் பூனை கேசரிக்கு அக்குளிலும் வயிற்றிலும் முடி சிக்குப் பிடித்துக் கட்டியானபோது, மயக்க மருந்து கொடுத்துத்தான் மழிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்கவி மயக்க மருந்துக்குப் பயந்து சோபாவில் உட்கார்ந்து அழுதாளாம். "அழாதீங்கம்மா, எங்க லீனா இருக்கா, மயக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக் கூட்டிவந்தாள் தனக்கோடி. அன்றைக்கு ஆரம்பித்து இது ஏழாவது மாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போலத்தான் தொடங்கியது. பார்கவி உள்ளறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். தனக்கோடி பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, துண்டால் கேசரியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். லீனா கிளிப்பரை ஓட்டி, பிளேடு சூடாகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள்.

"ஏய் கேசரி, முறைக்காத. உங்கம்மா உன்னைத் தடவித் தடவியே சிக்காக்கிட்டா," என்றாள் லீனா.

"மெதுவா பேசு, கேட்டுறப் போகுது," என்று சிரித்தாள் தனக்கோடி. "இது வந்ததுல இருந்து எனக்குந்தான் வேலை டபுள். பினாயில் போடக் கூடாதுன்னு நீதானே சொன்ன? உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் முட்டி போச்சு. பாத்ரூம்ல இருக்குற பாட்டில கூட மேல் ஷெல்ஃப்ல ஏத்தி வெச்சிருக்கேன்."

குளிப்பாட்டி, டிரையரைத் தணிவாக வைத்து, அடி முடி வரைக்கும் பிரித்துப் பிரித்துக் காயவைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தனக்கோடி அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அப்போதுதான் கழுத்துக்குப் பின்னால் அந்த இடத்தை லீனா பார்த்தாள். எட்டணாக் காசு அளவுக்கு முடி கொட்டி, பொருக்குத் தட்டியிருந்தது. மழைக்காலப் பூஞ்சை. பார்லரில் இந்த மாதிரி எத்தனை தலையைப் பார்த்திருக்கிறாள்! டீ ட்ரீ ஆயிலைத் தேங்காய் எண்ணெயில் கலந்து மூன்று தடவை தேய்த்தால் பொடுகும் போகும், பூஞ்சையும் போகும். அந்தச் சின்ன பாட்டில் இன்னமும் அவள் பையில்தான் கிடந்தது, தன் தலைக்காக வைத்திருந்தாள்.

தேங்காய் எண்ணெய் விட்டால் இவ்வளவு நேரம் பஞ்சாகக் காயவைத்த முடி திரும்பப் பிசுபிசுத்துச் சிக்குப் பிடிக்கும். அதனால் கலக்காமல் அப்படியே ஆறு சொட்டு உள்ளங்கையில் விட்டு, கழுத்தில் வைத்துத் தேய்த்து, கையில் மிஞ்சியதை முதுகிலும் தடவிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? பார்லரில் ஃபேஷியல் செய்துகொண்டு கிளம்புகிறவளுக்குக் கழுத்தை இரண்டு நிமிஷம் பிடித்துவிடுகிற மாதிரி, அன்பாகச் செய்கிற ஒரு உபரி வேலை. பார்கவிக்குக் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள்.

நாலு மணிக்கு போன் வந்தது. லீனா தொம்மலூர் வீட்டு மாடியில், கயிற்றில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீனா, கேசரிக்கு என்னமோ ஆயிடுச்சு!" பார்கவி கத்தினாள். "வாயில நுரை நுரையா ஒழுகுது. நடந்தா பின்னங்கால் இழுத்துக்குது. கிளினிக்ல இருக்கேன். விஷம் மாதிரி இருக்கு, வீட்ல ஏதாவது கெமிக்கல் போட்டீங்களான்னு டாக்டர் கேக்கறாங்க. அவன் மேல ஒரே மருந்து வாசனை. தனக்கோடி பினாயில் போட்டிருப்பா, இல்ல?"

"ஐயோ மாதாவே! பினாயில் பூனைக்கு விஷமாச்சே மேடம்!" என்றாள் லீனா. வார்த்தை தானாக வந்தது. "தரையில போட்டா கால்ல ஒட்டும், அதை நக்கிடும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அவங்க கிட்ட. இந்த ஆளுங்களுக்குப் பளபளன்னு இருந்தாப் போதும், எங்க கேக்கறாங்க?"

"எனக்கு அப்பவே தோணித்து. தேங்க்ஸ் லீனா. டாக்டர் கிட்ட சொல்லிடறேன்."

லீனா போனை வைத்தாள். பாவம் கேசரி என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தில் விழுந்த தூறலைக் கையால் துடைத்தாள். அப்போது மூக்கில் ஏறியது அந்த வாசனை.

கற்பூரமும் மருந்தும் கலந்த காரமான வாசனை. அவள் கையில் இருந்துதான் வந்தது.

லீனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தாள். பிறகு போனில் தேடினாள். தமிழில் ஒன்றும் வரவில்லை, இங்கிலீஷில் வந்தது, வரிசை வரிசையாக. பூனைக்கு டீ ட்ரீ ஆயில் விஷம். மனுஷ உடம்பு அதை உடைத்து வெளியே தள்ளிவிடும், பூனையின் ஈரலால் முடியாது. தோல் வழியாகவே உள்ளே இறங்கும். எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், உடம்பு சில்லிடும். கலக்காமல் போட்டால் சில சொட்டே போதும்.

பத்து நாள் பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பதினெட்டு வருஷத்துக் கை கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

கீழே வந்தபோது அவள் புருஷன் கில்பர்ட் வீட்டில் இருந்தான். ஏ.சி. மெக்கானிக். மழைக்காலம் வந்தால் அவனுக்கு வேலை மட்டு. லீனா எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இப்ப எதுக்கு நீயா போய்த் தலைய குடுக்கற?" என்றான். "டாக்டர் பாத்துட்டு இருக்காங்க இல்ல? விஷம்னு தெரிஞ்சுபோச்சு, அதுக்கு மருந்து குடுப்பாங்க. பினாயிலா இருந்தா என்ன, எண்ணெயா இருந்தா என்ன? அந்தம்மா அந்த பூனைக்காரங்க குரூப்ல ஒரு வரி போட்டா, பெங்களூர்ல ஒரு பூனையையும் நீ தொட முடியாது. திரும்பவும் ஒரு மாசம் உக்காந்து அழுவியா?"

"தனக்கோடி அக்கா மேல பழி விழுதுப்பா."

"ரெண்டு நாள் திட்டுவாங்க, அப்புறம் சரியாயிடும். வேலைக்காரங்கள யார் திட்டலை?"

அவன் சொன்னது லீனாவுக்கு வேண்டியதாக இருந்தது என்பதுதான் நிஜம். டாக்டர் பார்த்துக்கொள்வார். எல்லா விஷத்துக்கும் வைத்தியம் ஒன்றாகத்தான் இருக்கும். தான் சொல்வதால் என்ன மாறிவிடப் போகிறது? சோப்புப் போட்டு நாலு தடவை கையைக் கழுவினாள். வெங்காயம் நறுக்கினாள். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. சொல்லிவிடு என்று ஒரு மனசும் சும்மா இரு என்று ஒரு மனசுமாக, ஒரு வேலையும் ஓடாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். நல்ல மனுஷிதான் லீனா. நல்ல மனுஷிகளுக்கும் தன் சோறு என்று வரும்போது கால் பின்வாங்கத்தான் செய்கிறது.

ஆறு மணிக்கு பார்கவியிடம் இருந்து வாட்ஸ்அப் வந்தது. "டெம்பரேச்சர் இறங்கிட்டே இருக்கு. வாய் எல்லாம் வாஷ் பண்ணி டிரிப் போட்டும் இம்ப்ரூவ்மென்ட் இல்ல. ஏன்னு டாக்டருக்குப் புரியல. பிளீஸ் பிரே." அதற்குக் கீழே இன்னொன்று. "அவள பிளாக் பண்ணியாச்சு."

முதல் செய்தியைப் படித்ததுமே லீனாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைக் கழுவியிருக்கிறார்கள், காலைக் கழுவியிருப்பார்கள். கழுத்தை யாரும் தொடவில்லை. எண்ணெய் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. போன் போட்டாள், பார்கவி எடுக்கவில்லை. 'கழுத்தைக் கழுவுங்க, என் எண்ணெய்' என்று ஒரு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். எழுத ஆரம்பித்தாள். விரல் ஓடவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஏய், மழை!" என்று கில்பர்ட் கத்தியது பின்னால் கேட்டது.

தொம்மலூரில் இருந்து மல்லேஸ்வரம் வரைக்கும் அந்த நேரத்து டிராஃபிக்கைப் பற்றிச் சொல்லி யாருக்கும் ஆகப்போவதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டு, "செத்துப் போயிடாத கேசரி, செத்துப் போயிடாத" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனாள். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிளினிக்குக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தபோது மணி ஏழே கால். பார்கவி பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அம்ருதா, இளவயசுக்காரி, உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

"பினாயில் இல்ல டாக்டர்," என்றாள் லீனா. "நான்தான். கழுத்துல டீ ட்ரீ ஆயில் போட்டேன், ஆறு சொட்டு. எதுவும் கலக்காம. பூஞ்சைக்குன்னு போட்டேன்."

பார்கவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யோ தேவரே!" என்றார் டாக்டர். "ஸ்கின் மேலயா? எஷ்டொத்தாயித்து... எவ்ளோ நேரம் ஆச்சு? பேகா வாங்க, சீக்கிரம்! சிங்க்ல வெந்நீர் விடுங்க. பாத்திரம் தேய்க்கற லிக்விட் வேணும், எண்ணெயை அதுதான் எடுக்கும்."

அசிஸ்டென்ட் வீட்டுக்குப் போயிருந்தான். லீனாதான் பூனையைப் பிடித்தாள். காலையில் அவள் மடியில் முறைத்த பூனை இப்போது ஈரத்துணி போலத் தொங்கியது. மூன்று தடவை நுரைக்க நுரைக்கக் கழுவினார்கள். அந்த வாசனை தண்ணீரோடு எழுந்து அறை முழுக்கப் பரவியது. டாக்டர் மூக்கைச் சுளித்து, "இதையா பினாயில்னு நெனச்சோம்?" என்றார். துவட்டுவதும் காயவைப்பதும் லீனா வேலையாயிற்று. டிரையர் சூட்டை உள்ளங்கையில் பார்த்துப் பார்த்து, கழுத்தைப் பிரித்துப் பிரித்து ஊதினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை.

பார்கவி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீங்க போன் பண்ணி வெச்ச பிறகு."

"நாலு மணிக்கு," என்றாள் பார்கவி. லீனா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

காலை ஏழு மணிக்கு பார்கவியே கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது. "பொழச்சுட்டான் லீனா. டெம்பரேச்சர் நார்மல். ஒரு வாய் சாப்பிட்டான். ஈரலுக்கு மட்டும் கொஞ்ச நாள் மருந்து குடுக்கணுமாம்."

"மாதாவுக்கு ஸ்தோத்திரம்!" என்றாள் லீனா.

"நேத்து எனக்கு வந்த கோவத்துக்கு உங்களை அறைஞ்சிருப்பேன். ஆனா நைட் பூரா யோசிச்சேன். நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சீங்க. மழைல ஓடி வந்து உண்மையைச் சொன்னீங்க. யார் சொல்லுவா இந்தக் காலத்துல? நான் எந்த குரூப்லயும் போடல, பயப்படாதீங்க. அடுத்த மாசமும் நீங்களே வாங்க. அந்த எண்ணெயை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க."

லீனாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. வேலை போகவில்லை, பேர் போகவில்லை, பூனையும் போகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள். "மேடம், தனக்கோடி அக்கா கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அது வேற விஷயம் லீனா. நேத்து சாயந்திரம் கேட் கிட்ட அவ பேசின பேச்சு இருக்கே! பத்து பேர் நடுவுல, 'நான் போடலை, வேணும்னா கேமராவைப் பாருங்க'ன்னு கத்தறா. என்ன மரியாதை அது? அதுக்கப்புறம் எப்படித் திரும்ப உள்ள விடறது? வேற பொண்ணு இன்னிக்கு வரா. அபார்ட்மென்ட் குரூப்ல இருந்த மெசேஜை டெலீட் பண்ணிட்டேன், போதும். அதைத் திரும்பக் கிளற வேணாமே."

"அவங்க போடவே இல்லியே மேடம்."

"சரிம்மா, மீட்டிங் இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

லீனா வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஸ்ரீராமபுரத்தில் தனக்கோடி வீட்டுக்குப் போனாள். சந்தில் தண்ணீர் நின்றது. தனக்கோடி புடவை கட்டி, தலைவாரி, வெளியே கிளம்புகிற மாதிரி நின்றிருந்தாள். லீனாவைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பூனை எப்படி இருக்கு?"

"பொழச்சிடுச்சுக்கா."

"நல்லது. வாயில்லாத ஜீவன்," என்றாள் தனக்கோடி. உட்காரச் சொல்லவில்லை.

லீனா நின்றபடியே சொன்னாள். எண்ணெயைச் சொன்னாள், ஆறு சொட்டைச் சொன்னாள், நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை வீட்டுக்குள் நடந்ததையும் மறைக்காமல் சொன்னாள். எல்லாம் என் தப்புதான் என்றாள். தனக்கோடி குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு மூணாவது வீட்டு வேலைக்குப் போனேன்," என்றாள் பிறகு. "கேட்ல செக்யூரிட்டி போன்ல என் நம்பரைப் போட்டா சிவப்பா காட்டுது. பிளாக்காம். பிளாக்னா அந்த ஒரு வீடு இல்ல, மொத்த அபார்ட்மென்டும். மூணு வீடும் போச்சு. கிளினிக்ல இருந்து எதையோ எடுத்துட்டுப் போக வந்த அந்தம்மா, பூனையக் கொல்லப் பாத்தவன்னு சொல்லுது. பதினோரு வருஷம் லீனா. அந்தம்மா கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து."

"அக்கா, நான் மூணு வீட்லயும் போய்ச் சொல்றேன். இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச வீடு நாலு இருக்கு, நான் சொன்னா..."

"நீ சொன்னதெல்லாம் போதும்." தனக்கோடி போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். தனக்கோடி வேலை செய்த மூன்றாவது மாடி வீட்டு அம்மா இளவேனிலுக்கு அனுப்பி, அவள் தாய்க்கு அனுப்பியிருந்த செய்தி. பார்கவி அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டது, இங்கிலீஷில். டெலீட் செய்வதற்கு முன்னால் யாரோ படம் பிடித்திருந்தார்கள். வேலைக்காரி பினாயில் போட்டுப் பூனைக்கு விஷமாகிவிட்டது, பூனையைப் பராமரிக்கிறவரும் இதை உறுதி செய்தார், பல முறை எச்சரித்தும் இவள் கேட்கவில்லையாம். "என் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. பராமரிக்கிறவர்னா நீதானே?"

"அப்ப எனக்குத் தெரியாதுக்கா. மாதா மேல சத்தியமா, அந்த போன் வந்தப்ப எனக்குத் தெரியாது. எண்ணெய் ஞாபகமே வரல."

"நம்பறேன்," என்றாள் தனக்கோடி. "உனக்குத் தெரியாதுதான். உன் கை மேல உனக்குச் சந்தேகமே வரல, சரி. காலையில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அந்தப் பூனையைப் பிடிச்சோம். பினாயில் தொடறதில்லைன்னு உன் கிட்டதான் சொன்னேன். அப்புறமும் என் கை மேல மட்டும் எப்படி லீனா உடனே வந்துச்சு?"

லீனா வாசலை மறித்தபடியே நின்றாள்.

"நகரு. கதவைப் பூட்டணும்," என்றாள் தனக்கோடி. "ராஜாஜிநகர்ல ஒரு வீடு சொல்லியிருக்காங்க. ஒன்பதுக்குள்ள போகணும்."